முட்டுக்கட்டை

"காலேஜ் சியர்லீடிங் டீமுக்கு நான்தான் கேப்டன்" என்று வீட்டில் சொன்ன அன்று, அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ஐபிஎல்ல ஆடுவாங்களே, அதுவா?" அம்மா கேட்ட இரண்டாவது கேள்வி: "துப்பட்டா உண்டா?"

துப்பட்டா கிடையாது. ட்ராக் பேன்ட், முழுக்கை டி-ஷர்ட். ஒருத்தி தோளில் இன்னொருத்தி ஏறும்போது துப்பட்டா எங்கேயாவது மாட்டினால் ரெண்டு பேரும் காலி என்று விளக்கியதும் அம்மா இன்னும் பயந்துவிட்டார். தோளில் ஏறுவது பற்றி நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது :-)

அப்பா மேல் தப்பில்லை. 2008-ல் ஐபிஎல் வந்த பிறகுதான் நம் ஊர் டிவியில் இந்த வார்த்தையே புழங்க ஆரம்பித்தது. அதனால் சியர்லீடர் என்றால் பவுண்டரி அடித்ததும் மேடையில் ஆடும் வெளிநாட்டுப் பெண் என்றே மனதில் பதிந்துவிட்டது. ஆனால் இதை ஆரம்பித்து வைத்தது ஒரு ஆண். 1898 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கால்பந்து டீம் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தது. ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று எல்லோரையும் ஒரே குரலில் கத்த வைத்தார். சியர்லீடிங்கின் பிறந்தநாளாக அதைத்தான் சொல்கிறார்கள். பெண்கள் உள்ளே வந்தது 1923-ல், அதே பல்கலைக்கழகத்தில். ஐசன்ஹோவர், ரீகன், ஜார்ஜ் புஷ் (மகன்) மூன்று பேரும் படிக்கும் காலத்தில் சியர்லீடர்களாக இருந்தவர்கள். 2021 ஜூலையில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்த விளையாட்டின் உலக அமைப்புக்கு முழு அங்கீகாரமே கொடுத்துவிட்டது.

இவ்வளவையும் அப்பாவிடம் சொன்னேன். "சரி, அரியர் வைக்காம இருந்தா போதும்" என்றார்.

இனி கதைக்கு வருகிறேன். பெயர்கள் வேண்டாம், பட்டப்பெயர்கள் போதும். அப்போது நான் பி.காம். இரண்டாம் வருஷம். ஸ்போர்ட்ஸ் டே அன்று ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் ஆறு நிமிஷம் சியர் பண்ண வேண்டும். எங்கள் டீமில் பதினாறு பேர். கேப்டனாக என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு என் குரல் ஒன்றுதான் காரணம். ஒன்பதாம் கிளாஸில் இருந்தே நான் பேசினால் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிடும்.

ஆரம்பம் அமர்க்களமாகத்தான் இருந்தது. தி.நகரில் பாண்டி பஜார் நடைபாதையில் விலை கேட்டு, மயக்கம் வந்து, ரங்கநாதன் தெருவில் நுழைந்து, கூட்டத்தில் ரெண்டு பேரைத் தொலைத்து, பரிசுப் பொட்டலத்துக்குக் கட்டும் ரிப்பனை ரோல் ரோலாக வாங்கிவந்து நாங்களே பாம்பாம் செய்தோம். காலையில் 29சி பிடித்து பெசன்ட் நகர் பீச்சுக்குப் போய் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்குப் பக்கத்தில் பயிற்சி. (அந்த மண்டபம் எதற்கு என்று தெரியாதவர்களுக்கு: 1930-ல் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க்காரர் அவர்.) மணலில் விழுந்தால் வலிக்காது. ஆனால் மணலில் காலும் நிற்காது. அதனால் பாதி நாள் லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில், வாக்கிங் தாத்தாக்களின் முறைப்புக்கு நடுவில்.

இந்த விளையாட்டில் மூன்று வேலைகள் உண்டு. கீழே நின்று தாங்குகிறவர் பேஸ். மேலே ஏறுகிறவர் ஃப்ளையர். பின்னால் நின்று ஃப்ளையரின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, விழுந்தால் முதலில் ஏந்த வேண்டியவர் பேக்ஸ்பாட். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு ஃப்ளையர் மட்டும்தான் தெரிவாள். பேஸ் கொஞ்சம் தெரிவாள். பேக்ஸ்பாட் எந்த போட்டோவிலும் இருக்க மாட்டாள். ஆனால் பெரும்பாலான டீம்களில் எண்ணிக்கை சொல்வது அவள்தான். மேலே இருப்பவளின் கால் நடுங்குகிறதா, கீழே இருப்பவளின் முதுகு வளைகிறதா என்று ஒரே நேரத்தில் பார்க்க முடிந்த ஆள் அவள் ஒருத்திதானே.

எங்கள் ஃப்ளையர் முதல் வருஷப் பெண். நாற்பது கிலோ கூட இருக்க மாட்டாள். பெயர் குருவி. எங்கள் பேக்ஸ்பாட்டும் முதல் வருஷம்தான். அதிகம் பேச மாட்டாள். அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது நான். எப்படி வைத்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஸ்போர்ட்ஸ் டேவுக்கு எட்டு நாள் இருக்கும்போது ஒரு செய்தி வந்தது. இன்னொரு டிபார்ட்மென்ட் மூன்று அடுக்கு பிரமிட் போடுகிறார்களாம். எங்களுடையது இரண்டு அடுக்கு: கீழே நாலு பேர் முழங்கால் மடக்கி நிற்க, அவர்கள் தொடைமேல் ரெண்டு பேர். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் அறிவித்துவிட்டேன்: "நாமளும் மூணு அடுக்கு."

நடு அடுக்கில் இருக்கும் ரெண்டு பேரும் குருவியை வாங்கி மேலே ஏற்ற வேண்டும். பின்னாலிருந்து பேக்ஸ்பாட் தூக்கிக் கொடுக்க வேண்டும். அந்தப் பெண் முதல் நாளே சொன்னாள். "அக்கா, எட்டு நாள்ல முடியாதுக்கா." இரண்டாம் நாள் சொன்னாள். "கீழ இருக்கிறவங்களுக்கு இன்னும் பழகலக்கா. மேட் கூட இல்ல." நாலாம் நாள் எல்லோர் முன்னாலும் சொன்னாள். "அக்கா, இன்னைக்கு வேணாம்க்கா."

நானும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "சும்மா சும்மா முட்டுக்கட்டை போடாதடி."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்த நிமிஷத்திலிருந்து அவள் பெயர் முட்டு.

அரை மணி நேரம் கழித்து, பாஸ்கெட்பால் கோர்ட்டின் சிமென்ட் தரையில், மூன்றாவது அடுக்கு. நான் முன்னால் நின்று என் புகழ்பெற்ற குரலில் எண்ணுகிறேன்: அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. பின்னால் முட்டு, குருவியின் எடை தன் கைக்கு வந்த பிறகுதான் எண்ண வேண்டும் என்பதால் ஒரு எண் தாமதமாக எண்ணுகிறாள். என் "எட்டு"க்கு இடது பக்கம் இருந்தவள் எழுந்தாள். வலது பக்கம் இருந்தவளுக்குக் காதில் விழுந்தது முட்டுவின் "ஏழு." அவள் எழவில்லை.

குருவி சாய்ந்தாள். முட்டு பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்ததால் தலை தப்பியது. வலது கையை ஊன்றிவிட்டாள். மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. செமஸ்டர் பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது.

நாங்கள் காமர்ஸ் மாணவர்கள். மேனேஜ்மென்ட் பேப்பரில் ஹென்றி ஃபேயோல் வருவார். பிரான்ஸ் நாட்டுச் சுரங்கப் பொறியாளர். 1916-ல் நிர்வாகத்துக்கு 14 கோட்பாடுகள் எழுதிவைத்தார். அதில் ஒன்று, ஒருவருக்கு ஒரே ஒருவரிடமிருந்துதான் உத்தரவு வர வேண்டும் என்பது. இன்டர்னலில் ஐந்து மார்க் கேள்வியாக வந்தது, நான் ஐந்துக்கு நாலரை வாங்கினேன். பாஸ்கெட்பால் கோர்ட்டில் ரெண்டு பேர் எண்ணிக்கொண்டிருந்தபோது அந்த நாலரை மார்க் எங்கே போனது என்று தெரியவில்லை.

மறுநாள் அடையாறில் குருவி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கதவைத் திறந்தார்.

"நீதான் கேப்டனாம்மா?"

"ஆமாம் ஆன்ட்டி."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து காபி கொடுத்தார். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டவில்லை. "நான் வேணாம்னுதாம்மா சொன்னேன். எங்க அக்கா கேப்டன், விழ விடமாட்டாங்கன்னு சொல்லிட்டே இருந்தா" என்றார். அவ்வளவுதான். அந்தக் காபியைக் குடித்து முடிப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஸ்போர்ட்ஸ் டே அன்று எங்களுக்கு பிரமிட் தடை. தரையிலேயே ஆடிவிட்டு வந்தோம். பரிசு இல்லை. அந்த இன்னொரு டிபார்ட்மென்ட் மூன்று அடுக்கு போட்டு முதல் பரிசு வாங்கியது. பிறகு விசாரித்தால், டிசம்பரில் இருந்து மேட் போட்டுப் பழகியிருக்கிறார்கள். எனக்கு வந்த செய்தியில் அந்த விவரம் இல்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழா. தாத்தா வீடு தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில். வருஷா வருஷம் ஏழாம் நாள் தேருக்கு அங்கே போய்விடுவோம். எனக்கு நினைவு தெரிந்து தேர் என்றால் முன்னால் வடம் பிடிக்கும் கூட்டம்தான். நானும் ரெண்டு தடவை தொட்டுக் கும்பிட்டு, நாலடி நடந்து, "தேர் இழுத்தேன்" என்று பெருமையடித்திருக்கிறேன்.

இந்த உண்மையைச் சொல்லவும் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். மேக்ஸ் ரிங்கல்மன், விவசாயப் பொறியாளர். ஆட்களைக் கயிறு இழுக்க விட்டு அளந்து பார்த்து 1913-ல் முடிவை வெளியிட்டார். ஆள் சேரச் சேர, ஒவ்வொருவரும் இழுக்கும் பலம் குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் ஆனபோது ஒருவர் பங்கு கிட்டத்தட்ட பாதி. 1979-ல் அமெரிக்காவில் பிப் லட்டானேவும் அவர் கூட்டாளிகளும் இதையே கயிறு இல்லாமல் செய்தார்கள். கல்லூரி மாணவர்களைக் கைதட்டச் சொல்லி, கத்தச் சொல்லி! அதாவது சியர் பண்ணச் சொல்லி. ஆறு பேர் சேர்ந்து கத்தியபோது, ஆறு பேராலும் முடிந்ததில் 40 சதவீதம்தான் வந்தது. கண்ணையும் காதையும் மூடிவிட்டு "உன்னோடு இன்னும் ஐந்து பேர் கத்துகிறார்கள்" என்று பொய் சொன்னால் கூட, தனியாகக் கத்துகிறவன் குரல் குறைந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து இன்னொரு சோதனையில், "உன் சத்தத்தைத் தனியாக அளக்கிறோம்" என்று நம்ப வைத்ததும் அந்தச் சோம்பல் மறைந்துவிட்டது.

படித்தபோது சந்தோஷமாக இருந்தது. என் டீமில் யார் யார் சும்மா வாயசைத்தார்கள் என்று பட்டியல் போட்டேன். இந்த ஆராய்ச்சிகளில் சிரமமே இதுதான். படித்தவுடன் மற்றவர்கள் முகம்தான் ஞாபகம் வருகிறது.

அந்த வருஷம் எனக்குக் கூட்டத்தில் இறங்க மனசில்லை. தாத்தாவோடு ஓரமாக நின்றுவிட்டேன். அதனால் முதல்முறையாகச் சக்கரத்தைப் பார்த்தேன்.

சக்கரத்துக்குப் பக்கத்திலேயே சில பேர் குனிந்தபடி ஓடுகிறார்கள். கையில் ஆப்பு வடிவத்தில் கனமான கட்டை. தேர் வேகம் எடுத்தால் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகுகிறார்கள். சக்கரம் அதன்மேல் முனகிக்கொண்டு ஏறி நிற்கிறது. வீதி முனையில் திரும்ப வேண்டும் என்றால் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை. அந்தப் பக்கம் தயங்க, மறுபக்கம் நகர, அத்தனை பெரிய தேர் மெல்ல மூஞ்சியைத் திருப்புகிறது. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. வடம் பிடிக்கும் ஆயிரம் பேருக்கு முன்னால் இருக்கிற முதுகுதான் தெரியும். தேர் எங்கே போகிறது என்று பார்ப்பவர்கள் கட்டை போடுகிறவர்கள்தான். திருவாரூர் ஆழித்தேருக்கு, அலங்காரத்தோடு 96 அடி, திருச்சி பெல் நிறுவனத்தில் செய்த ஹைட்ராலிக் பிரேக் போட்டிருக்கிறார்கள். அங்கேயும் கட்டைக்காரர்களுக்கு வேலை போகவில்லை.

"தாத்தா, அந்தக் கட்டைக்கு என்ன பேரு?"

"முட்டுக்கட்டை. தெரியாதா உனக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. வார்த்தை தெரியும். நேற்றுவரை யாரையாவது திட்டத்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

தாத்தா சொன்னார். "வடம் பிடிக்க யாரு வேணா வரலாம் பாப்பா. கட்டை போட எல்லாராலயும் ஆகாது. அவன் போடலேன்னு வை, தேரு ஏதாவது கடைக்குள்ள போயி நிக்கும். அவன் கை தவறுச்சுன்னா அவன் மேலயே ஏறும்."

அன்று மத்தியானம் தேர் சுற்றி வந்து சேர்ந்ததும் தாத்தா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "நிலைக்கு வந்துடுச்சு. வா, சாப்பிடலாம்" என்றார். கிளம்பும்போது மேளதாளம், கூட்டம் எல்லாம் இருந்தது. ஆனால் அவர் காத்திருந்தது நிலைக்கு வருவதற்கு.

ஸ்பெயினில் காட்டலோனியா பக்கம் காஸ்டெல் என்று மனிதக் கோபுரம் கட்டுகிறார்கள். 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உச்சியில் ஏறுவது ஒரு குழந்தை. அடியில் நூற்றுக்கணக்கானவர்கள் நெருக்கி நின்று தாங்குகிறார்கள், மேலிருந்து விழுந்தால் மெத்தையும் அவர்கள்தான். அவர்களுடைய வாசகத்தில் நாலு சொல்: பலம், சமநிலை, தைரியம், நிதானபுத்தி. எனக்குப் பிடித்தது அவர்கள் மதிப்பெண் போடும் முறை. உச்சிவரை கட்டிவிட்டால் ஒரு மதிப்பெண். கட்டியதை எல்லோரும் விழாமல் இறங்கிக் கலைத்தால்தான் முழு மதிப்பெண். நம் தாத்தாக்கள் நிலைக்கு வந்தது என்று சொல்வதைத்தான் அவர்கள் மார்க் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்த வாரமே முட்டுவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். கேன்டீனில் லெமன் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பரவால்லக்கா. நான்தான் அன்னைக்கு இன்னும் சத்தமா சொல்லியிருக்கணும்."

சத்தமாகத்தான் சொன்னாள். மூன்று தடவை. பதினாலு பேர் முன்னால் அவளைச் சிரிப்பாக்கி உட்கார வைத்தது நான். அதற்குப் பிறகு கீழே நின்ற நாலு பேரில் யாருக்காவது "எனக்குக் கால் நடுங்குது" என்று சொல்லத் தோன்றியிருக்குமா? யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் பட்டப்பெயர் வேண்டாம் அல்லவா.

பரீட்சைக்குக் குருவி சொல்லச் சொல்ல இன்னொரு பெண் எழுதினாள். அதே பாடம் படிப்பவர் எழுதக்கூடாது என்பதால் தமிழ் இலக்கியம் படிக்கும் பெண். மற்ற பேப்பரெல்லாம் சமாளித்துவிட்டாள். அக்கவுண்ட்ஸ் பேப்பரில் எந்தப் பக்கம் டெபிட், எங்கே கோடு, எங்கே கூட்டல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத வைப்பதற்குள் நேரம் போய்விட்டது. வெளியே வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். "பேலன்ஸ் ஷீட் டாலி ஆகலக்கா" என்று சிரித்தாள். பாஸ் ஆகிவிட்டாள். ஆனால் அவள் வாங்கியிருக்க வேண்டிய மார்க் அது இல்லை. அது என் கணக்கில் பற்று.

இந்த வருஷம் கேப்டன் முட்டு. நானேதான் பெயர் சொன்னேன், யாரும் மறுக்கவில்லை. வந்த முதல் நாளே இரண்டு விதி போட்டாள். ஒன்று, எண்ணுவது ஒரே குரல், பின்னால் இருந்து. இரண்டு, யார் வேண்டுமானாலும் "இறங்கு" என்று சொல்லலாம். சொன்னதும் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். ஏன் என்று அப்போது கேட்கக் கூடாது, இறங்கிய பிறகும் கிண்டல் கூடாது. முதல் வாரம் ஆளாளுக்கு இறங்கு இறங்கு என்று கத்தி ஒரு ஸ்டெப் கூட நகரவில்லை. எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். மூன்றாம் வாரம் அது தானாகக் குறைந்தது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் ஏற தைரியம் வந்துவிட்டது.

நான் இப்போது பேஸ். கீழே.

போன மாதம் குருவி திரும்பி வந்தாள். அவள் அம்மாவும் கூட வந்து, கோர்ட் ஓரமாக பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு அடுக்குதான், கீழே மேட். குருவி என் தோளைப் பிடித்துக்கொண்டு வலது பாதத்தை என் கையில் வைத்தாள். சில்லென்று இருந்தது.

பின்னால் இருந்து முட்டு எண்ண ஆரம்பித்தாள். அஞ்சு, ஆறு.

என் குரலும் தொண்டைவரை வந்தது. பழக்கதோஷம். வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவளுடைய எட்டுக்காகக் காத்திருந்தேன்.